சின்னச் சொல்லைத் தாண்டிப் போகாதீர்கள்

நான் 31 வருடம் தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். ஊர் திருப்பத்தூர்ப் பக்கம். வேலூர்ப் பக்கத்துத் திருப்பத்தூர் இல்லை, சிவகங்கை மாவட்டத்தில் இருப்பது. கணியன் பூங்குன்றனாரின் ஊர் என்று சொல்லப்படும் மகிபாலன்பட்டி எங்களுக்குக் கிட்டத்தில்தான். அந்தப் பெருமையில், நான் வேலை பார்த்த பள்ளியின் முன்சுவரில் ‘யாதும் ஊரே யாவரும் கேளிர்’ என்று பெயின்டரை வைத்து எழுதச் சொன்னவளே நான்தான்.

பெயின்ட் காய்வதற்குள் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் வந்து நின்றான். “யாதும் ஊரேன்னா எல்லாம் நம்ம ஊரு. யாவரும் கேளிர்னா எல்லாரும் கேட்டுக்கங்க. சரி டீச்சர், என்னத்தைக் கேக்கணும்? அடுத்த வரியில இருக்கா?”

சிரித்துவிட்டு, கேளிர் என்றால் உறவினர் என்று திருத்தி அனுப்பினேன். ராத்திரி பாத்திரம் கழுவும்போதுதான் அவனுடைய கடைசிக் கேள்வி உறுத்தியது. அடுத்த வரியில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். 13 வரியும் மனப்பாடம். ஆனால் அந்த 13 வரியும் சேர்ந்து என்ன சொல்ல வருகிறது என்று ஒரு நாளாவது வகுப்பில் சொல்லியிருக்கிறேனா? உலக ஒருமைப்பாடு என்று முதல் வரிக்கு இரண்டு மதிப்பெண் விடை எழுதவைத்தேன், அடுத்த பாடத்துக்குப் போனேன். அவ்வளவுதான் நடந்திருக்கிறது.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் ஊர் நூலகத்தில், போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளோடு உட்கார்கிறேன். ‘இப்பத்தியின் மையக்கருத்து யாது’, ‘ஆசிரியரின் நோக்கம் யாது’ என்று கேள்வி வரும்போது தடுமாறுகிறவர்களுக்காக ஆரம்பித்தது. நான் சொல்லிக்கொடுக்கும் முறையில் புதுமை எதுவும் இல்லை. பாதி தொல்காப்பியத்தில் இருப்பது, மீதி நான் வழுக்கி விழுந்து கற்றுக்கொண்டது.

முதல் வேலை, முழுப் பகுதியையும் கையில் வாங்குவது. மேற்கோளை வைத்துக்கொண்டு பொருள் சொல்ல உட்காராதீர்கள். பாட்டென்றால் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை, சட்டமென்றால் அந்தப் பிரிவு முழுவதும், வேதமென்றால் குறைந்தது முன்னும் பின்னும் பத்து வசனம். ஒரு தாளில் கையாலேயே எழுதிக்கொள்ளுங்கள். கை எழுதும்போது கண் தாவிவிட முடியாது.

அப்புறம் ஒரு சிவப்புப் பென்சில். பெரிய சொற்களை விட்டுவிட்டு, சின்னச் சொற்களுக்கு அடியில் கோடு போடுங்கள். ஆனால், ஆகவே, எனின், மட்டும், கூட, அதனால், அப்படியானால், ‘உம்’, ‘ஏ’, ‘தான்’ போன்றவை. அன்பு, அறம், உலகம், விடுதலை, இறைவன் மாதிரிச் சொற்கள் தாமாகவே கண்ணில் படும்; அவற்றைப் பார்த்ததும் நமக்குப் பிடித்த பொருளை அவற்றில் ஊற்றிவிடுவோம். சின்னச் சொற்களில் அப்படி எதையும் ஊற்ற முடியாது. எழுதியவர் எதை எதோடு முடிச்சுப் போட்டார் என்பதை அவைதான் காட்டும். இடைச்சொல்லுக்கென்றே தொல்காப்பியர் ஓர் இயல் ஒதுக்கியிருக்கிறார். பள்ளிக்கூடத்தில் நாம் அதை இலக்கணக் குறிப்பாகப் படித்து மறந்துவிட்டோம்.

பூங்குன்றனார் பாட்டில் இதைச் செய்துபாருங்கள். எல்லாம் ஊர், எல்லாரும் உறவு. தீதும் நன்றும் பிறர் தந்து வருவதில்லை. நோவதும் தணிவதும் அப்படியே. சாவு புதிதில்லை. வாழ்வு இனிது என்று மகிழ்ந்ததும் இல்லை, வெறுத்துப்போய் இன்னாது என்றதும் இல்லை. மின்னலோடு மழை கொட்டி, கல்லில் மோதி இரைந்து ஓடும் பேராற்றில், நீர் போகிற வழியே போகும் தெப்பம் மாதிரி உயிர் அதன் முறைப்படி போகும். அறிந்தவர்கள் கண்டு சொன்னதிலிருந்து இதைத் தெளிந்தோம். இவ்வளவும் சொல்லிவிட்டு ஒரு சொல் வருகிறது: ‘ஆகலின்’. ஆகையால். அதற்குப் பிறகு:

மாட்சியின்
பெரியோரை வியத்தலும் இலமே,
சிறியோரை இகழ்தல் அதனினும் இலமே.

பத்து வரிக்கு மேல் காரணம் அடுக்கிவிட்டு, ‘ஆகலின்’ போட்டு முடிவைச் சொல்கிறார். முடிவு இதுதான்: பெரியவர் என்று யாரையும் அண்ணாந்து பார்ப்பதில்லை, சிறியவர் என்று யாரையும் இகழ்வதில்லை. நம் சுவர்களில் இருப்பது காரணத்தின் முதல் துண்டு. அவர் எதற்காகப் பாடினாரோ அது சுவரில் ஏறவில்லை.

இன்னொரு சின்னச் சொல்லும் அங்கே இருக்கிறது, ‘அதனினும்’. வியப்பதை விட இகழ்வதை இன்னும் உறுதியாக மறுக்கிறார். இரண்டும் சமமாக நிற்கும் தராசு இல்லை இது. ஏன் சிறியோர் பக்கம் சாய்கிறது என்று கேட்டால் வகுப்பில் அரைமணி நேரம் ஓடிவிடும். மன்னர்களையும் வள்ளல்களையும் புகழும் பாட்டுகள் நிறைந்த புறநானூற்றில், பாடிப் பரிசில் பெற்ற புலவர்கள் நடுவே, ஒருவர் எழுந்து ‘வியத்தலும் இலமே’ என்கிறார். அந்த இடத்தில் வைத்துப் பார்த்தால் அந்தச் சொல்லுக்கு வேறொரு துணிச்சல் வந்துவிடுகிறது.

முதல் வரியைத் தனியாகச் சொல்வது தப்பு என்று நான் சொல்லவில்லை. 2019-ல் ஐ.நா. பொதுச்சபையில் பிரதமர் அதைச் சொன்னபோது, நாடுகள் கூடிய சபையில் அதற்கு ஒரு வேலை இருந்தது. ஆனால் அது சொன்னவருடைய நோக்கம், பாடியவருடையது இல்லை. தேர்வில் ‘கவிஞரின் நோக்கம்’ என்று கேட்டால் இந்த வேறுபாடு ஒரு மதிப்பெண். வாழ்க்கையில் எவ்வளவோ.

இப்போது தொல்காப்பியத்துக்கு வருகிறேன். செய்யுளியலின் முதல் நூற்பாவில் செய்யுளுக்கு 34 உறுப்புகளை அடுக்குகிறார். மாத்திரை, அசை, சீர், அடியெல்லாம் யாப்பு படிப்பவர்களுக்கு. நடுவில் வரும் சிலதைத்தான் என் பிள்ளைகளுக்கு எழுதிக் கொடுப்பேன்: கூற்று, கேட்போர், களன், காலம், பயன், எச்சம், முன்னம். யார் சொல்கிறார், யார் கேட்கிறார், எங்கே, எப்போது, இதைச் சொல்வதால் என்ன ஆகவேண்டும், எது சொல்லாமல் விடப்பட்டிருக்கிறது, இந்த இடத்தில் இந்த ஆள் இந்த ஆளிடம் இப்படிப் பேசுவது பொருந்துமா. மையக்கருத்து, நோக்கம் என்று வினாத்தாள் கேட்பதெல்லாம் இதற்குள்ளேயே இருக்கிறது. குறிப்பாகப் ‘பொருள்’ வேறு, ‘பயன்’ வேறு என்று அவர் பிரித்து வைத்திருப்பதைக் கவனியுங்கள். “மழை வரும்போல இருக்கு” என்பதன் பொருள் வானிலை. மாடியில் துணி காயும் வீட்டில் மாமியார் மருமகளிடம் அதைச் சொன்னால் பயன் வேறு.

இதைப் பழக எனக்குத் தெரிந்து குறுந்தொகை 25-ஐ விட நல்ல பாட்டு இல்லை. கபிலர் பாடியது, ஐந்தே வரி.

யாரும் இல்லைத் தானே கள்வன்
தானது பொய்ப்பின் யானெவன் செய்கோ
தினைத்தாள் அன்ன சிறுபசுங் கால
ஒழுகுநீர் ஆரல் பார்க்கும்
குருகும் உண்டுதான் மணந்த ஞான்றே.

கூற்று, தலைவியுடையது. கேட்பவள் தோழி. அவன் என்னோடு கூடிய அன்று அங்கே யாரும் இல்லை, அந்தக் கள்வன் மட்டும்தான். அவனே பொய் சொன்னால் நான் என்ன செய்வேன். ஓடுகிற தண்ணீரில் ஆரல் மீனைப் பார்த்துக்கொண்டு தினைத்தாள் மாதிரி மெல்லிய பச்சைக்கால் கொண்ட ஒரு குருகும் இருந்தது. ‘யாரும் இல்லை’ என்று ஆரம்பித்தவள், ‘குருகும் உண்டு’ என்று முடிக்கிறாள். அந்த ‘உம்’முக்கு அடியில் சிவப்புக் கோடு போடுங்கள். சாட்சிப் பட்டியலில் பறவையைச் சேர்க்கிறாள். அதுவும் மீன்மேல் கண்ணாக இருந்த பறவை. பொருள் இது. பயன்? திருமணத்தைத் தள்ளிப்போடுகிறான், தோழியே, ஏதாவது செய். இந்த வேண்டுகோள் ஐந்து வரியில் எங்கேயும் இல்லை. அதுதான் எச்சம்.

‘எனின்’ என்ற சொல்லுக்கு ஒரு கதை. எங்கள் சொந்தத்தில் ஒரு கல்யாணப் பேச்சு. மாப்பிள்ளைக்கு வேலை நிரந்தரம் என்று சொன்ன தரகர், அது ஒப்பந்த வேலை என்று பின்னால் தெரியவந்ததும், கூச்சமே இல்லாமல் குறளை எடுத்துவிட்டார்: “பொய்மையும் வாய்மை இடத்த”ன்னு வள்ளுவரே சொல்லியிருக்காரே! மீதியைச் சொல்லுங்கள் என்றேன். ‘புரைதீர்ந்த நன்மை பயக்கும் எனின்.’ குற்றமே இல்லாத நன்மையைத் தருமானால். அந்த ‘எனின்’ ஒரு வாசற்கதவு. அதைத் திறக்காமல் உள்ளே போக முடியாது. யாருக்கு நன்மை, உங்கள் கமிஷனுக்கா என்று கேட்டதில் அவர் இன்றுவரை எங்கள் தெருவழியே வருவதில்லை.

அரசியல் பகுதிகளில் சின்னச் சொல்லின் விலை கூடிவிடும், ஏனென்றால் அங்கே அது சட்டமாகிறது. இதற்கு நான் எப்போதும் எடுப்பது 1963-ஆம் ஆண்டின் ஆட்சிமொழிகள் சட்டம். 1950-ல் அரசமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது, மத்திய அரசில் ஆங்கிலம் இன்னும் 15 வருடம் தொடரும் என்று 343-ஆவது பிரிவு சொன்னது. கெடு 1965 ஜனவரி 26. இந்தி பேசாத மக்கள் விரும்பும்வரை ஆங்கிலம் இருக்கும் என்று நேரு 1959-ல் நாடாளுமன்றத்தில் உறுதி கொடுத்தார். அதைச் சட்டமாக்க வந்தது 1963 மசோதா. அதன் மூன்றாம் பிரிவில், கெடுவுக்குப் பிறகும் இந்தியோடு ஆங்கிலம் தொடர்ந்து பயன்படுத்தப்படுவதற்கு ‘மே’ (may) என்ற ஆங்கிலச் சொல் இருந்தது. ‘ஷல்’ (shall) என்று இல்லை. தமிழில் சொன்னால், ‘பயன்படுத்தப்படலாம்’. ‘பயன்படுத்தப்பட வேண்டும்’ இல்லை.

தி.மு.க. உறுப்பினர்கள் அந்தச் சொல்லைப் பிடித்தார்கள். ‘லாம்’ என்றால் இல்லாமலும் போகலாமே என்றார்கள். இந்த இடத்தில் ‘மே’ என்பதற்கு ‘ஷல்’ என்றே பொருள் என்றார் நேரு. அப்படியானால் ‘ஷல்’ என்றே எழுதிவிடலாமே என்பது மறுகேள்வி. மாநிலங்களவையில் இந்த எதிர்ப்பை முன்னின்று நடத்தியவர் அண்ணா. சொல் மாறாமலே சட்டம் நிறைவேறியது.

நேரு பொய் சொன்னார் என்று யாரும் நினைக்கவேண்டாம். அவர் மனத்தில் ‘ஷல்’தான் இருந்திருக்கலாம். ஆனால் படிக்கிறவர் தனித்தனியாக எழுதிவைக்க வேண்டிய மூன்று இருக்கின்றன: பேசியவர் மனத்தில் இருந்தது, அவர் வாய்மொழியாகச் சொன்னது, தாளில் இருப்பது. 1964 மே மாதம் நேரு காலமானார். மனத்தில் இருந்ததும் வாக்குறுதியும் அவரோடு போயின; தாளில் இருந்த ‘மே’ மட்டும் மிஞ்சியது. கெடு நெருங்கியபோது 1965-ல் தமிழ்நாடு எப்படிப் பற்றியெரிந்தது என்பது உங்களுக்குத் தெரியும். 1967 டிசம்பரில் திருத்தம் வந்தது. முதல் உட்பிரிவில் அந்த ‘மே’ இன்றும் அப்படியே இருக்கிறது. ஆனால் அதன் கீழே புதிதாகச் சேர்ந்த வரிகளில் ‘ஷல்’ வந்தது. இந்தியை ஆட்சிமொழியாக ஏற்காத மாநிலங்களோடு மத்திய அரசு வைக்கும் கடிதப் போக்குவரத்துக்கு ஆங்கிலம் பயன்படுத்தப்பட வேண்டும் என்றும், அந்த மாநிலச் சட்டமன்றங்கள் எல்லாம் தீர்மானம் போட்டு, நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் தீர்மானம் போடும்வரை இது தொடரும் என்றும் எழுதப்பட்டது. ஒரு சொல்லுக்குப் பொருள் என்ன என்ற சண்டை, தெருவுக்கு வந்து, பிறகு உட்பிரிவாகத் திரும்பிப் போனது.

ஆகவே அறிக்கை, வாக்குறுதி, அரசாணை எது கையில் வந்தாலும் வினைமுற்றுக்குப் போங்கள். ‘வழங்கப்படும்’, ‘வழங்கப்படலாம்’, ‘வழங்குவது குறித்துப் பரிசீலிக்கப்படும்’ மூன்றும் மூன்று விதம். தமிழில் இது எளிது, வாக்கியத்தின் கடைசிச் சொல்லைப் பார்த்தால் போதும். கடைசிச் சொல்லுக்கு முன்னாலேயே கைதட்டிவிடுவதுதான் நம் பழக்கம்.

சமயப் பகுதிகளுக்கு வந்தால் பிள்ளைகள் தயங்குகிறார்கள். நம்புகிறவர்களுக்குக் கேள்வி கேட்கக் கூச்சம், நம்பாதவர்களுக்குப் படிக்கவே விருப்பமில்லை. இருவருக்கும் அதே சிவப்புப் பென்சிலைத்தான் கொடுக்கிறேன்.

‘நாமார்க்கும் குடியல்லோம் நமனை அஞ்சோம்.’ அப்பர் பாடியது, ஆறாம் திருமுறை. கட்சிக் கூட்டத்தின் தட்டியில், ஆட்டோவின் பின்பக்கம், தோள்களில் பச்சை குத்தியதாகக்கூடப் பார்த்திருக்கிறேன். ‘நாங்கள் யாருக்கும் அடிமை இல்லை’ என்று எல்லாரும் படிக்கிறார்கள். எட்டு வரியையும் எழுதிப்பாருங்கள். நரகத்தில் இடர்ப்படோம், பிணி அறியோம், பணிவோம் அல்லோம், இன்பமே எந்நாளும் துன்பமில்லை என்று மறுப்பாக அடுக்கிக்கொண்டு போய், பிற்பாதியில் சொல்கிறார்: தானும் யாருக்கும் குடியல்லாத தன்மையுள்ள சங்கரன், சங்க வெண்குழை ஒரு காதில் அணிந்தவன், அந்தக்

கோமாற்கே நாமென்றும் மீளா ஆளாய்க்
கொய்ம்மலர்ச் சேவடி இணையே குறுகினோமே.

‘மீளா ஆள்’ என்றால் திரும்பி வரவே முடியாத அடிமை. அடிமை இல்லை என்று தொடங்கிய பாட்டு அடிமை என்றே முடிகிறது. முரணா? ‘கோமாற்கே’ என்பதில் உள்ள ஏகாரத்தைப் பிடியுங்கள். அவனுக்கு மட்டுமே. அந்த ஒற்றை எழுத்துதான் முதல் வரியைச் சாத்தியமாக்குகிறது. இனி சொற்களைப் பாருங்கள். குடி, பணிவு, கோமான், ஆள். எல்லாம் அரண்மனைச் சொற்கள். அரசனுக்குரிய சொற்களையெல்லாம் அரசனிடமிருந்து பிடுங்கி இறைவனிடம் கொடுத்துவிட்டுக் காலி கையோடு அரசனை நிற்கவைக்கிறார்.

யார் கேட்கிறார்கள்? பல்லவ மன்னன் ஆளனுப்பி அழைத்தபோது மறுத்துப் பாடியது என்கிறது பெரியபுராணம். ஆனால் அப்பர் 7-ஆம் நூற்றாண்டு, சேக்கிழார் 12-ஆம் நூற்றாண்டு. நடுவில் ஐந்நூறு வருடம். கதையைக் கண்ணை மூடிக்கொண்டு பாட்டின்மேல் ஒட்டிவிடக் கூடாது, தூக்கி எறியவும் கூடாது. பாட்டுக்குள்ளேயே தேடவேண்டும். அதே பதிகத்தில் பின்னால் ‘படையுடையான் பணிகேட்கும் பணியோம் அல்லோம்’ என்று வருகிறது. ‘உம்மோடு’ என்று எதிரே நிற்கிறவர்களைப் பார்த்துப் பேசுவதும் வருகிறது. படை வைத்திருக்கிற ஒருவன், அவன் ஏவலில் வந்து நிற்கிற சிலர். இவ்வளவு பாட்டே சொல்கிறது. மீதி விவரம் பெரியபுராணம் சொல்வது. நோட்டில் இரண்டையும் இரண்டு பத்தியில் எழுதுங்கள் என்பேன். பக்தி உள்ள பிள்ளைக்கு இதனால் ஒன்றும் குறைந்துவிடவில்லை; பாட்டு நிஜமாகவே ஒருவரைப் பார்த்துப் பேசுகிறது என்று கண்டு மகிழ்ந்துதான் போனது.

எங்கள் வகுப்புக்கு வரும் ஒரு தங்கச்சி, சர்ச்சில் ஞாயிறு பள்ளி எடுப்பவள். அவள் கொண்டுவந்தது மத்தேயு 22: ‘இராயனுடையதை இராயனுக்கும், தேவனுடையதைத் தேவனுக்கும் செலுத்துங்கள்.’ இராயன் என்றால் ரோமப் பேரரசன். வரி கட்டு என்று சிலர், மதம் வேறு அரசியல் வேறு என்று சிலர். முன்னால் உள்ள வசனங்களைப் படிக்கச் சொன்னேன். இயேசுவைப் பேச்சில் அகப்படுத்துவதற்காக ஆளனுப்பி வைத்த கேள்வி அது. இராயனுக்கு வரி கொடுக்கலாம் என்றால் ரோமை வெறுக்கிற சனங்கள் விலகுவார்கள், கூடாது என்றால் ரோம அதிகாரம் பிடிக்கும். இயேசு காசைக் காட்டச் சொல்கிறார். “இந்தச் சுரூபமும் மேலெழுத்தும் யாருடையது?” இராயனுடையது என்கிறார்கள். ‘அப்படியானால்’ என்று ஆரம்பிக்கிறது பதில். உங்கள் மடியில் அவன் காசு இருக்கிறது, நீங்களே ஒப்புக்கொண்டீர்கள், அப்படியானால்.

அந்தப் பெண் தானாகவே அடுத்த அடி வைத்தாள். “காசில் இராயன் சுரூபம். அப்போ தேவனுடைய சாயல் எதில் இருக்கிறது?” ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்தில் மனிதன் தேவனின் சாயலில் படைக்கப்படுகிறான். மத்தேயுவில் காசின் உருவத்துக்கு வரும் கிரேக்கச் சொல்தான், ஆதியாகமத்தின் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பிலும் சாயலுக்கு வருகிறது. காசை அவனுக்குக் கொடு, உன்னையே இவருக்குக் கொடு. கிறிஸ்தவ உரைகாரர்கள் ஆதிகாலம் முதலே இப்படிப் படித்திருக்கிறார்கள். எச்சத்தைத் தேடத் தெரிந்ததால் அவளாகவே அங்கே போய்ச் சேர்ந்தாள். அன்று நான் டீ வாங்கிக் கொடுத்தேன்.

தேர்வு எழுதுகிறவர்களுக்கு ஒரு சிறு குறிப்பு. நான்கு விடைகளில் ஒன்று பத்தியின் முதல் வாக்கியத்தைக் கொஞ்சம் மாற்றி எழுதியதாக இருக்கும், ஒன்று பத்தியில் இல்லாத ஆனால் நல்ல கருத்தாக இருக்கும். இவ்விரண்டிலும்தான் கை போகும். விடையைத் தொடுமுன் ஆகவே, ஆனால், எனினும் எங்கே என்று பாருங்கள். ‘ஆனால்’ இருந்தால் அதற்குப் பின்னால் வருவது பெரும்பாலும் ஆசிரியர் கட்சி, முன்னால் வருவது அவர் மரியாதைக்கு ஒப்புக்கொண்டது.

எல்லாம் செய்த பிறகும் இரண்டு பொருள் மிஞ்சுவது உண்டு. அந்தக் குருகையே எடுத்துக்கொள்ளுங்கள். அது சாட்சி சொல்லாது என்று தெரிந்து தலைவி நொந்து சொல்கிறாள் என்பது என் கட்சி. போன மாதம் ஒரு தம்பி எழுந்து, “இல்ல டீச்சர், அவ தன்னையே கிண்டல் பண்ணிக்கிறா. அத்தனை பதட்டத்திலயும் கொக்குக் காலு தினைத்தாள் மாதிரி இருந்துச்சுன்னு பாத்து வச்சிருக்கா பாருங்க” என்றான். ‘தினைத்தாள் அன்ன’ என்பதற்கு அவன் போட்ட சிவப்புக் கோடு தாளே கிழியும் அளவுக்கு அழுத்தமாக இருந்தது. என் உரைக்குப் பக்கத்தில் அவனுடையதையும் எழுதிக்கொண்டேன்.